சிவப்பாகிவிட்ட புது ஸ்லிங்

அன்று காலை பேட்டை யார்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: முதலாளி, கணினி பார்க்கும் ஷபானா, ஸ்டோர் பொறுப்பில் நான். நாங்குநேரிக்குத் தெற்கே காற்றாலை வேலைக்குப் போயிருந்தவர்கள் இரண்டு பேர்: பாரம் கட்டும் சுடலைமுத்து, பிக்கப் வண்டி ஓட்டும் அந்தோணி. ஆக எங்கள் ஆட்கள் ஐந்தே பேர். ஆட்களை முதலில் எழுதிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சம்பவத்தை இப்போது சொல்கிற எல்லாரும் தாங்களும் பக்கத்தில் நின்றதாகவே சொல்கிறார்கள்.

ஸ்டோருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பயப்படுவது என் சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வரும்போது, இழுத்ததில் பூட்டு திறந்திருக்குமோ என்று ஒரு கவலை வரும். சுடலைமுத்து என்னைப் பார்த்தாலே, "எக்கா, ஒங்களுக்குப் பயப்படுததுக்குத்தான் முதலாளி சம்பளம் குடுக்காவ" என்பான். பாதி உண்மைதான்.

நம்முடைய தொழில் உங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். பாரம் தூக்கும் கம்பிவடங்களை, நம் பேச்சில் ஸ்லிங்குகளை, வாடகைக்கு விடுகிறோம். கட்டுவதற்கு ஆளும் அனுப்புகிறோம். ஒவ்வொரு ஸ்லிங்கிலும் எண் அடித்த ஒரு தகடு இருக்கும். குறிப்பிட்ட தேதிக்குள் அதை மறுபடி பாரம் ஏற்றிச் சோதித்தாக வேண்டும். தேதி முடிந்துவிட்டால் அது கேட்டைத் தாண்டக் கூடாது. முன்பெல்லாம் தகட்டைத் துடைத்துத் தேதியைப் படிப்போம். கிரீஸும் துருவும் சேர்ந்து பாதித் தகடு படிக்க முடியாமல் கிடக்கும்.

மேலப்பாளையத்திலிருந்து ஷபானா வேலைக்கு வந்த பிறகுதான் எல்லா ஸ்லிங்கும் எக்செல் ஷீட்டில் ஏறின. D என்ற நெடுவரிசையில் அடுத்த சோதனைக்கான கடைசித் தேதி. தேதி தாண்டிவிட்டால் அந்த ஸ்லிங்கின் வரி முழுவதும் தானாகவே சிவப்பாகும். திங்கட்கிழமை தோறும் கலரில் அச்செடுத்து ஸ்டோர் கதவில் ஒட்டிவிடுவாள். படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்.

அவள் முதன்முதலில் அதைச் செய்து காட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்லிங்குகளுக்குக் கீழே ஒன்றுமே எழுதாத வெற்று வரிகள் அத்தனையும் ரத்தமாய்ச் சிவந்து கிடந்தன. 

"என்ன பிள்ள இது? இல்லாத ஸ்லிங்குக்கும் தேதி முடிஞ்சு போச்சா?"

ஷபானா சிரித்துவிட்டாள். "எக்கா, வெறுங்கட்டத்த அது பூஜ்யம்னு எடுத்துக்கிடுது. பூஜ்யம்னா அதுக்கு ரொம்ப ரொம்பப் பழைய தேதி. அதான் அடிச்சுத் தள்ளிட்டு."

பிறகு விதியை மாற்றி எழுதினாள். அன்று அவள் எழுதியது இதுதான்:

=AND($D2<>"",$D2<TODAY())

எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றேன். "ரெண்டு கேள்விக்கா. கட்டத்துல ஏதாச்சும் எழுதிருக்கான்னு ஒண்ணு. எழுதின தேதி இன்னைக்கிக்கு முன்னாலயான்னு ஒண்ணு. ரெண்டு பேரும் தலையாட்டினாத்தான் பெயிண்ட் அடிக்கும். ஒருத்தரு முகத்தத் திருப்பிக்கிட்டாலும் அடிக்காது."

"அந்த டாலர் எதுக்கு? நாம என்ன அமெரிக்காவுக்கா ஸ்லிங்கு விடுதோம்?"

"அது ஆணிக்கா. டாலர் போட்ட D அங்கனயே நிக்கும், அங்கிட்டு இங்கிட்டு நகராது. டாலர் போடாத ரெண்டு இருக்குல்லா, அது வரிக்கு வரி கூடவே நடந்து வரும். ரெண்டாவது வரிக்கு ரெண்டு, மூணாவது வரிக்கு மூணு."

கூடவே நடந்து வரும் என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு ஸ்லிங்கோடும் ஒரு ஆள் துணைக்கு நடந்து வருகிற மாதிரி. அன்றைக்குத்தான் அந்த ஷீட்டை எனக்கு முழுக்கப் பிடித்தது.

ஆயுத பூஜை முடிந்ததும் நம் யார்டில் புது ஷீட் தொடங்குவது வழக்கம். பொரி கடலைக்கு முதலாளிதான் பணம் கொடுப்பார், சந்தனத்தை அவர் மேசைக்கும் வைப்போம். புது ஷீட்டின் தலையில் அவர் 786 போடச் சொல்வார். பக்கத்திலேயே நான் பிள்ளையார் சுழி போடச் சொல்வேன். கணினியில் இதற்கெல்லாம் இடமிருக்குமா என்று நான் தயங்கியபோது முதலாளிதான் சொன்னார்: "முதக் கட்டத்துல எங்க ஆளு, கடைசிக் கட்டத்துல ஒங்க ஆளு. நடுவுல சண்ட வராது."

ஷீட் கணினிக்கு ஏறிய பின் வந்த முதல் ஆயுத பூஜைக்கும் அப்படியே ஆயிற்று. முதல் வரியில் 786, உ. அதனால் தலைப்புகள் இரண்டாவது வரிக்கு இறங்கின, ஸ்லிங்குகள் மூன்றாவது வரியிலிருந்து தொடங்கின. ஷபானா பழைய விதியை அப்படியே எடுத்து வந்து ஒட்டினாள். அச்செடுத்தோம், ஒட்டினோம். ஒரு வரிகூடச் சிவப்பு இல்லை. அப்போது எதற்கும் தேதி முடிந்திருக்கவில்லை, அதனால் சரியாகவே பட்டது.

மழைக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை அச்சில் சிவப்பு வந்தது. முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்து மூன்று வரை. காலையில் சுடலைமுத்துவுக்குக் கதவில் வெள்ளையாக இருந்த ஸ்லிங்குகளைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். காற்றாலையின் உச்சியிலிருந்து பழைய கியர் பெட்டியை இறக்கிப் புதியதை ஏற்றும் வேலை. அவர்கள் போன பிறகு, சிவப்பு ஸ்லிங்குகளைத் தனியே கம்பிவலைக்குப் பின்னால் போடலாம் என்று ஒவ்வொன்றாக இழுத்தேன்.

முப்பத்தெட்டின் தகடு பளபளவென்று இருந்தது.

போன மாதம்தான் அந்தக் கட்டு முழுக்கச் சோதனைக்குப் போய்வந்தது. புதுத் தகடுகளை முறுக்கிக் கட்டியவளே நான்தான். அதற்கு எப்படித் தேதி முடியும்? முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லது ஒண்ணு கூடுதலா ஒதுங்கிக் கிடந்தா நமக்கு என்ன நட்டம்? கெட்டது வெளிய போனாத்தான் நட்டம். விடும்மா."

நியாயமான பேச்சு. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். நானும் விட்டுவிட்டு ஸ்டோர் வாசல் வரை வந்தேன். ஆனால் என் பயம் விடவில்லை. இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? ஷீட்டுக்குக் கொஞ்சம் சிவப்பு அடிக்க ஆசை வந்து அடிக்கவில்லை. தேதி முடிந்த ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறது. அந்தச் சிவப்பு நல்லது ஒன்றின் மேல் விழுந்திருக்கிறது என்றால், சிவப்பு விழ வேண்டிய ஒன்று எங்கோ வெள்ளையாக நிற்கிறதா?

பிள்ளைகளே, எனக்கு எக்செல் தெரியாது. இது எக்செல் அறிவு இல்லை. ரேஷன் கடை வரிசையில் நம் பை வேறொருத்தி கைக்குப் போயிருந்தால், அவள் பை யார் கையில் என்று தேடுவோம் இல்லையா, அவ்வளவுதான்.

ஷபானாவிடம் போனேன். "நான் தேதியத் தப்பா அடிச்சிருப்பேன்க்கா" என்றுதான் முதலில் சொன்னாள். திறந்து பார்த்தாள். முப்பத்தெட்டின் தேதி சரியாக இருந்தது, அடுத்த வருஷத் தேதி. தேதி சரி, நிறம் தப்பு. அவள் முகம் மாறிவிட்டது. விதியைத் திறந்தாள், அது எந்த வரியிலிருந்து எந்த வரி வரைக்கும் என்று பார்த்தாள். பிறகு திரையின் மேல் விரலை வைத்துப் பைய ஒவ்வொரு வரியாக இறக்கினாள்.

"எக்கா, நான் விதிய ஒட்டும்போது மேல A, B, C, Dன்னு இருக்க எழுத்தையே அமுக்கி மொத்தமாத் தேர்ந்தெடுத்துட்டேன். முத வரியில இருந்தே ஆரம்பிச்சிருக்கு. ஆனா விதியில ரெண்டுன்னு கிடக்கு. முத வரிக்கு ரெண்டாவது வரியப் பாக்குது, ரெண்டாவதுக்கு மூணாவதப் பாக்குது."

"புரியுற மாதிரி சொல்லு தாயி."

"கீழ உள்ளவனோட தேதியப் பாத்துட்டு மேல உள்ளவனுக்குப் பெயிண்ட் அடிக்குதுக்கா. எல்லாருக்கும்."

துணைக்கு நடந்து வருகிற ஆள் ஒரு அடி முன்னால் போய்விட்டான் என்று எனக்குப் புரிந்தது. இதை ஏன் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால், ஸ்லிங்குகளைக் கட்டுக்கட்டாக வாங்குகிறோம், கட்டுக்கட்டாகச் சோதனைக்கு அனுப்புகிறோம். ஒரு கட்டுக்கு ஒரே தேதி. கீழே உள்ளவனின் நிறத்தை மேலே உள்ளவனுக்கு அடித்தாலும் அதே நிறம்தான். ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு தொடங்குகிற இடத்தில் மட்டும்தான் குட்டு வெளிப்படும். முப்பத்தெட்டு நல்ல கட்டின் கடைசி. அதற்குக் கீழே தேதி முடிந்த கட்டு, அதனால் சிவப்பு.

"அந்த முடிஞ்ச கட்டு எது வரைக்கும்?" என்றேன்.

ஷபானா திரையை இன்னும் கீழே இறக்கினாள். நாற்பத்து நான்கில் விரலை வைத்தாள். தேதி போன சனிக்கிழமையோடு முடிந்திருந்தது. வரி வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைத்தான் காலையில் சுடலைமுத்துவின் கையில் கொடுத்திருந்தேன்.

ஷபானா அதற்குள் போனை எடுத்து சுடலைமுத்துவின் எண்ணை அமுக்கிவிட்டாள். பின்னாலிருந்து முதலாளியின் கை வந்து போனைப் பிடுங்கி நிறுத்தியது. அவர் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது.

"அவனக் கூப்புடாத. கிரேன்காரன் அவன் கையத்தான் பாத்துக்கிட்டு இருப்பான். அந்தக் கை போன் எடுக்கப் பாக்கெட்டுக்குப் போனா, கிரேன்காரன் அத என்ன சைகைன்னு எடுப்பான்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. பதற்றத்தில் முதலில் கூப்பிடத் தோன்றுகிற ஆள்தான் கூப்பிடக் கூடாத ஆள். அவர் அந்தோணிக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"ஏலே அந்தோணி, எங்கன நிக்க?"

"வண்டிகிட்டதான் முதலாளி. பழைய பெட்டிய எறக்கிக்கிட்டு இருக்காவ."

"எம்புட்டு தூரம் எறங்கிருக்கு?"

"பாதியில தொங்குது."

முதலாளி என்னைப் பார்த்தார். நம் யார்டில் அவர் வைத்திருந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு சாமான் வெளியே போகக் கையெழுத்துப் போட்டவர் யாரோ, அதைத் திருப்பிக் கூப்பிடும் உரிமையும் அவருக்குத்தான். அதில் முதலாளியே தலையிட மாட்டார்.

"சொல்லு பார்வதிம்மா."

 நிறுத்து என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் நிறுத்தினால் என்ன ஆகும்? அவ்வளவு பாரம் நடுவானத்தில் அப்படியே தொங்கும். கீழே எல்லாரும் ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பார்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். சுடலைமுத்து நடுவில் நிற்பான். சந்தேகப்பட்ட ஸ்லிங்கில் இன்னும் கூடுதல் நேரம் தொங்கவிடுவதுதான் அதற்கு அர்த்தம். சொல்லாமலே விட்டால் பெட்டி தானாக இறங்கிவிடும், ஒரு வேளை. அந்த ஒரு வேளைக்கு அடியில் யார் நிற்கிறார்கள்?

"அந்தோணி, நான் சொல்லுதத மட்டும் செய்யி. ஓடாத, கத்தாத. பைய நடந்து போ. பெட்டிக்கு அடியில, பக்கத்துல யாரெல்லாம் நிக்காவ?"

"ஹெல்ப்பர் ரெண்டு பேரு கயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்காவ. எஞ்சினியர் படம் எடுக்காரு."

"டீ வந்திருக்குன்னு சொல்லியாவது எஞ்சினியர அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிரு. கயிறு புடிக்கிறவங்கள நீளமா விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லு. சுடலைகிட்ட ஒண்ணும் பேசாத. பெட்டி எறங்கட்டும்."

"என்னக்கா விஷயம்?"

"எறங்கின பொறவு சொல்லுதேன். போன வைக்காத."

போன் அந்தோணியின் சட்டைப் பையில் கிடந்தது போலிருக்கிறது. கிரேன் இன்ஜின் இரைவது கேட்டது. நடுவில் சுடலைமுத்துவின் விசில். யாரோ "டீ எங்கப்பா?" என்று கேட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் ஷபானா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். நான் என் சேலைத் தலைப்பைக் கயிறாகத் திரித்திருக்கிறேன், அது பிறகுதான் தெரிந்தது. முதலாளி போனைப் பார்த்தபடியே இருந்தார், ஆறிப்போன டீயை எடுத்து உதட்டில் வைத்துவிட்டுக் குடிக்காமலே கீழே வைத்தார்.

கடைசியில் தொப்பென்று ஒரு சத்தம், மண்ணில் பாரம் உட்காருகிற சத்தம்.

"எறங்கிட்டுக்கா" என்றான் அந்தோணி.

"நாப்பத்து நாலாம் நம்பர் ஸ்லிங்கக் கழட்டி வண்டியில போடச் சொல்லு. அதுல புதுப் பெட்டி மேல போகக் கூடாது."

"எஞ்சினியர் என்னக் கொன்னே போடுவாரு."

"எங்கிட்ட குடு."

காற்றாலைக் கம்பெனி எஞ்சினியர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். மரியாதையாகத்தான் கோபப்பட்டான். "ஏனுங்க, பழசு இறங்கின ஸ்லிங்குல புதுசு ஏறாதுங்களா? மேற்கால மேகம் கட்டிக்கிட்டு வருது பாருங்க. இன்னிக்கு ஏத்தலைன்னா கிரேன் சும்மா நிக்கும்."

"தேதி முடிஞ்சிட்டு தம்பி. எங்க ஷீட்டுல நிறம் தப்பா விழுந்திருக்கு. வேற ஸ்லிங்கு இப்பமே அனுப்புதோம்."

நிறம் தப்பாக விழுந்ததற்காகக் கிரேனை நிறுத்துகிற ஊரை அவன் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டான். முதலாளியே முப்பத்தெட்டைத் தன் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நாங்குநேரியிலேயே மழை பிடித்துக்கொண்டது. காற்றாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கிரேன் நனைந்துகொண்டு நின்றது. மறுநாள்தான் புதுப் பெட்டி ஏறியது.

சாயங்காலம் சுடலைமுத்து நனைந்த சட்டையோடு வந்து நாற்பத்து நான்கை என் முன்னால் போட்டான். அவன் முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"எக்கா, தூக்குததுக்கு முன்னால முழுக்கத் தடவிப் பாத்தேன். ஒரு கம்பி பிரியல. என் கை மேல ஒங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"ஒன் கை மேல இருக்குலே. வடத்துக்கு உள்ள இருக்க கம்பி ஒன் கைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுக்குத்தான சோதனை. ஒனக்கு ஒண்ணு ஆகியிருந்தா ஒன் வீட்டுக்காரி முன்னால நான் எந்த ஷீட்டக் கொண்டுபோயி நீட்டுவேன்?"

குனிந்து வடத்தைச் சுருட்டினான். பிறகு, "ஷீட்டு வேண்டாம், அல்வா கொண்டுபோனா சமாதானம் ஆயிருவா" என்றான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஷபானா தலையை நிமிர்த்தவில்லை. "முதலாளி, அந்த மேல் வரிய எடுத்துரட்டுமா? அது வந்ததுலதான எனக்கு வரிக் கணக்கு தப்பிப்போச்சு."

முதலாளி தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஆளயும் அவுக ஆளயும் வெரட்டிட்டு ஒன் விதிய எங்க வைப்ப? அவுக இருக்கட்டும். அவுக இருக்காவன்னு கணக்குல எடுத்துக்கிட்டு எழுது."

யாரும் யாரையும் திட்டவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். திட்டியிருந்தால் அடுத்த தடவை தப்பைப் பார்க்கிறவர் வாயைத் திறக்க மாட்டார். ஷபானா அன்றைக்கே விதியைத் திருத்தினாள். பிறகு அவளாகவே ஒரு காரியம் செய்தாள். பட்டியலின் தலையில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக, இல்லாத இரண்டு ஸ்லிங்குகளைச் சேர்த்தாள். இரண்டுக்கும் பழைய தேதி. அந்த இரண்டும் சிவப்பாக, அவற்றை ஒட்டிய வரிகள் அவற்றின் சொந்த நிறத்தில் இருந்தால்தான் அச்சு கதவுக்குப் போகும். நீங்கள் இன்று கதவில் பார்க்கும் அந்த இரண்டு வெட்டி வரிகள் அவைதான். யாரோ மறந்துபோய் விட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். புதிதாக ஒரு விதி எழுதினால் நட்ட நடுவரியைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். முதல் வரி, கடைசி வரி, ஒரு கட்டு முடிந்து இன்னொரு கட்டு தொடங்கும் வரி, இவற்றைத் தகட்டோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாரமே நாற்பத்து நான்கைச் சோதனைக்கு அனுப்பினோம். தேறிவிட்டது. ஒரு குறையும் இல்லை, இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுடலைமுத்து அந்தச் சான்றிதழை என் மேசைமேல் விரித்து வைத்து, "எக்கா, நாப்பத்து நாலு ஒங்களக் கேட்டுது" என்றான். ஊரே சிரித்தது. என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை. ஆனால் அன்றைக்கு எடுத்த முடிவு சரியா தப்பா என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது. அது பிறகு வந்த காகிதம். போன் மேசைமேல் கிடந்தபோது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது தாங்குமா என்று எங்களுக்குத் தெரியாது என்பது. தெரியாதபோது அடியில் ஆளை நிறுத்தக் கூடாது. மறுபடியும் அப்படி ஒரு காலை வந்தால், தேறிவிடும் என்று யாராவது காதில் சொன்னாலும், அதையேதான் செய்வேன்.

காற்றாலைக்காரர்கள் அப்படிப் பார்க்கவில்லை. நல்ல ஸ்லிங்கை வைத்துக்கொண்டு ஒரு நாள் கிரேனைச் சும்மா நிற்க வைத்தீர்கள் என்று எங்கள் பில்லை நிறுத்திவிட்டார்கள். முதலாளி இரண்டு தடவை நேரில் போய் வந்தார். பாதியைக் கொடுத்தார்கள். மீதியைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் அவர், "அந்தப் பையன் அவன் கிரேனுக்குப் பதில் சொல்லணும், நாம நம்ம ஆளுக்குப் பதில் சொல்லணும். கேட்டு நச்சரிக்கவும் வேண்டாம், தள்ளுபடின்னு எழுதவும் வேண்டாம். நாம செஞ்சது வேலைதான்" என்பார். நான் ஓய்வு பெற்ற அன்றும் கணக்கில் அந்த வரி அப்படியே இருந்தது. நீங்களும் வரவு பார்க்கும்போது அதைப் பார்ப்பீர்கள், தப்பாக ஏறியது என்று நினைக்காதீர்கள். வர வேண்டிய பாக்கி, பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.